பரண் பெட்டியில் கிடக்கும் காசு அபூர்வமானதா? புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுப் பரணிலிருந்து சென்ற ஆண்டு ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பெரியம்மாவின் மாமனார் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர். பெட்டிக்குள் பழைய பத்திரங்கள், ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, வெள்ளைத் துணியில் முடிந்த காசுகள். பெரியம்மா முடிச்சை அவிழ்த்துத் தரையில் பரப்பினார். "தம்பி, இதையெல்லாம் விற்றால் ஒரு சவரன் தேறுமா?" என்று கேட்டார்.

எட்டு விக்டோரியா ரூபாய்கள், நான்கு ஜார்ஜ் ரூபாய்கள், உள்ளங்கை நிறையும் இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள் இருந்தன. எழுத்துத் தெரியாத ஒரு கறுத்த செப்புத் துண்டும் கிடந்தது. அதைப் பழைய பாத்திரங்களோடு போட்டுவிடலாம் என்று பெரியம்மா தனியே ஒதுக்கியிருந்தார். அந்தப் பெட்டியில் நான் அதிக நேரம் செலவிட்டது அந்தத் துண்டோடுதான்.

இப்படி ஒரு முடிச்சு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதைக் கையில் எடுத்ததிலிருந்து விலை தெரியும்வரை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: தேய்க்காதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். நம் வீடுகளில் செம்பும் வெள்ளியும் கையில் எடுத்ததும் புளியைத் தேடுவோம். புளி இல்லாவிட்டால் திருநீறு, எலுமிச்சை, பற்பசை. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு அது கொலை. காசின் மேல் நூறு இருநூறு ஆண்டுகளில் படிந்த நிறம் அழுக்கு அல்ல. உலோகம் தானே போட்டுக்கொண்ட தோல் அது. அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் இருக்கும் நுண்ணிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். பளபளக்கும் பழைய காசைச் சேகரிப்பாளர் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். பாதி விலை போவதும் உண்டு, முக்கால் விலை போவதும் உண்டு.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக் கூரை பிரிந்து அலமாரி முழுவதும் நனைந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது என் தாத்தாவின் செப்புக் காசுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பதற்றத்தில் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அதில் ஒன்றில் தமிழ் எழுத்து இருந்தது. இன்று அந்தக் காசு சிவப்பாக, வழவழப்பாக இருக்கிறது. எழுத்து இருந்த இடம் விரலுக்கு மட்டும் தெரியும். இத்தனை வருடம் ஆகியும் அந்த வருத்தம் போகவில்லை.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில், பேட்டரிக்கு ஊற்றும் நீர் போதும், ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். காசை எடுக்கும்போது முகங்களைத் தொடாமல் விளிம்பைப் பிடியுங்கள்.

படி 2: எடை, அளவு, தண்ணீர்

நகைக் கடைகளில் பயன்படுத்தும் சிறிய மின் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். கூடவே விட்டம் அளக்க ஒரு கேலிப்பர், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், ஒரு காந்தம்.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். பெரியம்மா வீட்டு விக்டோரியா ரூபாய்கள் 11.4-க்கும் 11.6-க்கும் இடையே வந்தன. கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசுக்கு அது நியாயமான எடை. 10 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது பொய் சொல்லாது. தராசில் ஒரு சிறிய கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண் காசின் கன அளவு. 1939 வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம்; ஆகவே அது 1.13 அளவில் காட்ட வேண்டும். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், அது 1.22 அளவில் வரும். பித்தளைக்கோ நிக்கல் கலவைக்கோ வெள்ளி முலாம் பூசியிருந்தால் 1.3-ஐத் தாண்டிவிடும்.

காந்தம் ஒட்டினாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்பக்கம் புலி நடக்கும் 1947-ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது, அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். வெள்ளி ரூபாயில் ஒட்டினால்தான் ஏமாற்று.

படி 3: யார் அடித்த காசு?

கன்னியாகுமரியில் கிடைக்கும் பெட்டிக்கும் நம் பெட்டிக்கும் வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரியும். நம் கரையில் பல ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் கடை விரித்தன, பலரும் காசு அடித்தார்கள்.

பெரியம்மாவின் கறுத்த செப்புத் துண்டைச் சாய்வான வெளிச்சத்தில், கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் மூன்று இதழ் விரிந்த பூ. பிரெஞ்சு அரச குடும்பத்தின் லில்லி. மறுபக்கம் மூன்று வரிகளில் எழுத்து. முதல் வரியில் 'பு', 'து' தெரிந்ததும் பெரியம்மா, "இது நம் எழுத்து அல்லவா!" என்றார். ஆம், புதுச்சேரி. பிரெஞ்சுக் கம்பெனி தன் செப்புக் காசில் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டது. அந்தக் காலத்து எழுத்து முறை அது. மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது. அதனால் இன்றைய கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. தெரிந்துகொண்டு பார்த்தால் பிறகு மறக்காது.

அந்தக் காசின் பிரெஞ்சுப் பெயர் 'தூது'. உரக்கச் சொல்லிப் பாருங்கள், நம் துட்டுதான் அது. அந்தத் துட்டும் டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக் காசிலிருந்து நம் வாய்க்கு வந்தது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'கேஷ்' என்று எழுதியது காசு. 'ஃபனோன்' என்று எழுதியது பணம். நாலு காசு ஒரு துட்டு. ஒரு நகரத்தை ஆண்டவர்கள் தங்கள் நாணயத்துக்கு ஆளப்பட்டவர்களின் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கறுத்த துண்டைப் பாத்திரக் கடைக்குப் போட மனம் வராது.

துட்டு நாலு கிராமை ஒட்டி இருக்கும். கையால் அடித்த காசு என்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடும் குறையும். வெள்ளிப் பணம் ஒன்றரை கிராம்தான், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் மகுடம், மறுபக்கம் லில்லிப் பூக்கள். அரைப் பணமும் இரட்டைப் பணமும் உண்டு.

1830-இல் பிரான்சில் புரட்சி வந்து லூயி பிலிப் அரசரானார். பழைய அரச குடும்பத்தின் லில்லி மறைந்து சேவல் வந்தது. அது இங்கேயும் எதிரொலித்தது. 1836, 1837 என்று ஆண்டு போட்டுச் சேவல் பொறித்த புதுச்சேரிக் காசுகள் வந்தன. லில்லிக் காசுகளைவிட இவை குறைவாகவே கண்ணில் படுகின்றன. உங்கள் பெட்டியில் சேவல் தெரிந்தால் அன்று நல்ல நாள்.

இன்னொன்று, பலரும் 'உருதுக் காசு' என்று ஒதுக்குவது. 1736-இல் ஆளுநர் துமா, இன்று துமா வீதி அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அந்த ரூபாயில் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் கிடையாது. ஆற்காட்டு ரூபாய் என்றால்தான் சந்தையில் செல்லும் என்பதால் முகலாயப் பேரரசரின் பெயரைப் பாரசீக எழுத்தில் போட்டு, ஓரத்தில் ஒரு பிறையை அடையாளமாக வைத்தார்கள். சென்னையில் ஆங்கிலேயர் அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை இருக்கும். பிறையா தாமரையா என்று பாருங்கள். பிறை இருந்தால் அது நம் ஊர்த் தங்கசாலையில் பிறந்தது. மாஹேயில் புழங்க அடித்த ஐந்தில் ஒரு ரூபாய்க் காசிலும் பாரசீக எழுத்துதான், அதில் நம் ஊர் 'பூல்சேரி' என்று இருக்கும்.

கடலூர்ப் பக்கத்துப் பெட்டிகளில் வேறு வகையும் வரும். பரங்கிப்பேட்டையின் பெயரால் வழங்கிய தங்க வராகனில் ஒரு பக்கம் திருமால் உருவம், மறுபக்கம் மணல் தூவியது போன்ற புள்ளிகள். டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகளில் அந்தக் கம்பெனியின் மூன்று எழுத்து முத்திரையும் ஆண்டும் இருக்கும். நாகப்பட்டினத்தில் அவர்கள் அடித்ததில் ஊர்ப் பெயர் தமிழில் உண்டு. தரங்கம்பாடியின் டேனிஷ் காசுகளும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கின்றன.

பெரியம்மா வீட்டு இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவின் 'பியாஸ்தர்' என்ற நாணயங்கள். சைகோன் சென்ற புதுச்சேரிக்காரர் வீடுகளில் இவை சகஜம். அமர்ந்த கோலத்தில் ஒரு பெண், தலையைச் சுற்றிக் கதிர்கள். 1885-இலிருந்து 27.2 கிராம், 1895-இல் 27 கிராமாகக் குறைத்தார்கள். வெள்ளி 90 சதவீதம். தண்ணீரில் 2.62 அளவு காட்ட வேண்டும். உலகில் அதிகமாகப் போலி செய்யப்படும் காசுகளில் இதுவும் ஒன்று என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பெரியம்மாவின் இரண்டும் தேறின.

படி 4: பழசு வேறு, அபூர்வம் வேறு

பெரியம்மாவின் எட்டு விக்டோரியா ரூபாய்களில் ஐந்தில் 1862 என்று இருந்தது. "நூற்று அறுபது வருடத்துக் காசு, சும்மாவா?" என்றார். சும்மா இல்லை, ஆனால் அபூர்வமும் இல்லை. 1862 என்ற ஆண்டை மாற்றாமலேயே 1874 வரை அதே ரூபாயை அடித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வருடத்து அச்சு என்பதைச் சின்னச் சின்னப் புள்ளிகளால் குறித்தார்கள். அதனால் 1862 ரூபாய் இந்தியா முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. சாதாரண நிலையில் இருந்தால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

அதற்குப் பக்கத்தில் 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை வையுங்கள். அரசரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை. ஆனால் அந்த அச்சில் துதிக்கை குட்டையாகி, மக்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. மனம் புண்பட்டதாக எதிர்ப்பு எழுந்தது. 94 லட்சம் அடித்ததில் ஏழு லட்சம்தான் வெளியே போயிருந்தது, மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். 1862-ஐவிட அரை நூற்றாண்டு இளைய காசு, ஆனால் பல மடங்கு விலை.

அதற்கும் மேலே நிற்பது 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ், பம்பாய் தங்கசாலை. பழைய தரத்தில், அதாவது 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் இதுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டது. வெள்ளியைப் பதுக்குவதும் உருக்குவதும் பெருகியது. 1940-இல் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது, ஒரு ரூபாய் நோட்டும் வந்தது. லட்சக்கணக்கில் அடித்ததாகக் கணக்கில் இருக்கும் 1939 ரூபாய், புழக்கத்துக்கு வந்து பிழைத்ததோ மிகக் கொஞ்சம். அதன் நல்ல பிரதி ஏலத்தில் லட்சத்தைத் தாண்டும். அதற்கு ஒரே ஒரு வயது மூத்த 1938 ரூபாய், அதே அரசர், அதே எடை, அதே வெள்ளி, சாதாரணக் காசாக விலை போகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வருடம் பழசு என்பதல்ல. எத்தனை அடித்தார்கள் என்பதுகூடப் பாதிக் கேள்விதான். எத்தனை உருகாமல் மிஞ்சின, மிஞ்சியதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். நாகப்பட்டினம் டச்சுக் காசுகளில் சில வகைகள் 1939 ரூபாயைவிட எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், தேடுவோர் குறைவு என்பதால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ரூபாயை ஆண்டு வாரியாகச் சேர்ப்பவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருடைய தொகுப்பிலும் காலியாக இருக்கும் குழி 1939.

புதுச்சேரித் துட்டைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். லில்லித் துட்டு அபூர்வம் அல்ல. நீண்ட காலம் அடித்த காசு, தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் அச்சு பெரியது, செப்பு வில்லை சிறியது. அதனால் பெரும்பாலான துட்டுகளில் 'புது' இருந்தால் 'ரி' இருக்காது, 'ரி' இருந்தால் 'பு' வெட்டுப்பட்டிருக்கும். மூன்று வரியும் முழுதாக, பூவும் நடுவில் விழுந்த துட்டுதான் உண்மையில் அரிது. அதற்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு தருகிறார்கள்.

படி 5: எட்டை ஒன்பதாக்கும் வித்தை

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைப் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் ஒருவர் 1939 ரூபாய் என்று ஒன்றைக் காட்டினார். எடை சரி. தண்ணீர்ச் சோதனையும் சரியாகவே வந்திருக்கும், ஏனென்றால் அது உண்மையான வெள்ளி ரூபாய்தான், 1938-இல் பிறந்தது. எட்டின் கீழ் வளையத்தை யாரோ ஊசி முனையால் திறந்து ஒன்பதாக்கியிருந்தார்.

எனவே 1939 கையில் வந்தால் எடையை நம்பி நின்றுவிடாதீர்கள். லென்ஸில் கடைசி எண்ணைச் சுற்றியிருக்கும் தளத்தைப் பாருங்கள். மற்ற எண்களைச் சுற்றித் தளம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். கீறல், பள்ளம், நிற மாற்றம் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. கடைசி ஒன்பதின் வாலையும் முன்னால் இருக்கும் ஒன்பதின் வாலையும் ஒப்பிடுங்கள். தடிமனும் வளைவும் ஒத்துப்போக வேண்டும். ஏலங்களில் சான்றோடு விற்ற 1939 ரூபாயின் பெரிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். விளிம்பையும் விடாதீர்கள். நுணுக்கமான கோடுகள் சீராக ஓட வேண்டும். விளிம்பைச் சுற்றி நடுவே ஒரு மெல்லிய தையல் கோடு தெரிந்தால் அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தெடுத்தது.

1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட அணா என்று வரும் காசுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி அப்படி ஒரு காசையும் வெளியிடவில்லை. பூஜையில் இருந்தால் இருக்கட்டும், விலை கொடுத்து வாங்காதீர்கள்.

படி 6: நிலை

ஒரே ஆண்டு, ஒரே அச்சு. ஒன்று ஆயிரம், மற்றது இருபதாயிரம். நடுவில் இருப்பது தேய்மானம். அரசரின் புருவம், காதுக்கு மேல் முடி, மகுடத்தின் மேல் கற்கள் ஆகிய மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அங்கே கோடுகள் தெளிவாக இருந்தால் நல்ல நிலை. கையே படாத காசை வியாபாரிகள் யுஎன்சி என்பார்கள். அதற்குக் கீழே எக்ஸ்எஃப், விஎஃப், ஃபைன் என்று இறங்கும். உலக அளவில் 70 மதிப்பெண் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, மதிப்பெண் இட்டு, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் தருகின்றன. கட்டணம் அதிகம். 1939 போன்ற ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படியாகும். 1862 ரூபாய்க்கு அது வீண் செலவு.

நம் பக்கத்துக் காசுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது கொக்கித் தடம். காசுமாலைக்கும் குழந்தை அரைஞாணுக்கும் கொக்கி பற்றவைத்துப் பிறகு எடுத்திருப்பார்கள். விளிம்பில் ஒரு இடம் மட்டும் வழவழப்பாக, நிறம் மாறி இருக்கும். துளையிட்டிருந்தால் சேகரிப்பு விலை பெரும்பாலும் போய்விட்டது, வெள்ளி விலை மட்டும் நிற்கும். பெரியம்மாவின் ஜார்ஜ் ரூபாய்களில் இரண்டு அப்படித்தான். "என் நாத்தனார் குழந்தைக்குக் கட்டியது," என்றார். அவை பெட்டிக்கே திரும்பின.

படி 7: விலையைக் கண்டுபிடிப்பது

முதலில் அடிமட்ட விலை. 11.66 கிராமில் 91.7 சதவீதம் என்றால் தூய வெள்ளி 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். இதற்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் விற்காதீர்கள். பியாஸ்தரில் 24.3 கிராம் தூய வெள்ளி இருக்கிறது.

அடுத்து, காசின் கே.எம். எண்ணைக் கண்டுபிடியுங்கள். உலக நாணயங்களுக்கு இடப்பட்ட வரிசை எண் அது. நியூமிஸ்டா தளத்தில் நாடு, ஆண்டு, உலோகம் என்று தேடினால் படத்தோடு கிடைக்கும். புதுச்சேரிக் காசுகள் அங்கே பிரெஞ்சு இந்தியா என்ற தலைப்பில் இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் என்று எழுதலாம், எழுதத் தடை இல்லை. மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத் கிளாசிகல் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. உங்கள் காசைப் போன்ற நிலையில் இருக்கும் நான்கைந்து விற்பனைகளை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவை எடுங்கள். உள்ளூர் வியாபாரி அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். அவரும் விற்றுப் பிழைக்க வேண்டும், அது ஏமாற்று அல்ல. ஆனால் நடுவிலையில் பாதிக்கும் கீழே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒருவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பையும், இங்கே புனித லூயி வீதி அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். உண்மையான காசை நூறு முறை பார்த்த கண்ணுக்குப் போலி தானாக உறுத்தும்.

படி 8: விற்கும் முன் சட்டமும் மோசடியும்

நூறு ஆண்டுகளைக் கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது. நம் ஊரில் இது வெறும் ஏட்டு விதி அல்ல. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் அண்ணன், அத்தை மகள் என்று வீட்டுக்கு ஒருவர் உண்டு. "பாட்டி நினைவாக ஒரு துட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்று பையில் போட்டுக்கொள்வார்கள். விமான நிலையத்தில் அது பெரிய சிக்கலாகிவிடும். படம் எடுத்துக் கொடுங்கள், காசு இங்கேயே இருக்கட்டும்.

வயலில், கிணறு தோண்டும்போது, அஸ்திவாரத்தில் கிடைத்த காசு வேறு கணக்கு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவியுங்கள். மண்ணில் எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி, காசைவிடப் பெரிய செல்வம்.

மோசடிகளைப் பொறுத்தவரை, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருவதாகச் சொல்லும் தொலைபேசி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். அவர்கள் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி, பிறகு கமிஷன். ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுப்பார்கள். தாங்கள் இப்படிப் பழைய காசு வாங்குவதில் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. வாங்குபவன் விற்பவனிடம் பணம் கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. அரிசியை இழுக்கும் செப்புக் காசு, அதில் இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது என்று வருபவர்களால் நம் மாவட்டங்களில் வீட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். செம்பு அரிசியை இழுக்காது.

படி 9: உப்புக் காற்றிலிருந்து காப்பது

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்குக் காசு வைப்பது கூடுதல் வேலை. உப்பு ஈரம் செம்பைத் தின்னும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். நெடி அடிக்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அவை வியர்த்துக் காசைப் பிசுபிசுப்பாக்கும். அமிலமில்லாத காகித உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். ஐப்பசி மழைக்கு முன் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு உறையிலும் எடை, விட்டம், யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதுங்கள். சைகோனிலிருந்து வந்த பியாஸ்தர் என்பதைச் சொல்ல இன்று பெரியம்மா இருக்கிறார். நாற்பது வருடம் கழித்து அந்தப் பென்சில் எழுத்துதான் சொல்லும்.

பெரியம்மாவின் கணக்கு இப்படி முடிந்தது. 1862 ரூபாய்களில் நான்கை வெள்ளி விலைக்குச் சற்று மேலே விற்றார். சவரன் தேறவில்லை. பியாஸ்தர்கள் இரண்டையும் பேரன்களுக்கு ஆளுக்கொன்று என்று எழுதி வைத்தார். அந்தத் துட்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்தோம். மூன்றாவது வரியின் 'ரி' பாதிதான் விழுந்திருந்தது, ஆகவே பெரிய விலை ஒன்றும் இல்லை. அதை விற்கட்டுமா என்று கேட்டேன். உறையை என்னிடமிருந்து வாங்கி, தன் கையாலேயே 'நம் ஊர்த் துட்டு, 3.9 கிராம்' என்று எழுதிப் பூஜை அறைக்குள் கொண்டுபோனார். புளி வைத்துத் தேய்க்கக்கூடாது என்று நான் வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.